கொட்டகையில் ஏழு டிராக்டர்கள்

ஆகஸ்ட் 27

மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்தாயிற்று. என் வீட்டுக்காரர் குடிக்கும் தண்ணீர், தின்னும் உப்பு, நடக்கும் நடை எல்லாவற்றையும் தினமும் எழுதிவைத்து அடுத்த பரிசோதனைக்குக் கொண்டுவரச் சொல்லி டாக்டர் ஒரு டயரி கொடுத்திருக்கிறார். ஊர் அஞ்சலகத்தில் உட்கார்ந்து காலமெல்லாம் தேதி முத்திரை குத்தியவள் நான். ஆளைப் பார்த்துத்தான் வேலை கொடுத்திருக்கிறார்.

நெஞ்சைப் பிளந்து பைபாஸ் செய்து தைத்திருக்கிறார்கள். இருமல் வந்தாலும் தும்மல் வந்தாலும் ஒரு தலையணையை நெஞ்சோடு கட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும். கனமாக எதையும் தூக்கக் கூடாது, தள்ளக் கூடாது.

இன்று இட்லி மூன்று. தண்ணீர் அளவாக. நடை, கட்டிலிலிருந்து வாசல்வரை. வாசலில் நின்றவர் எதிரே இருக்கும் டிராக்டர் கொட்டகையைப் பார்க்கவில்லை. இதை எழுதச் சொல்லவில்லை, நானாக எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 30

டாக்டர் இதைப் படிப்பாராம். அதனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். தாராபுரத்துக்குத் தெற்கே இருக்கும் எங்கள் தோட்டத்தில் ஏழு டிராக்டர்கள் இருக்கின்றன. உழுவதற்கு ஒன்றுகூடக் கிடையாது. உழவுக்கு வாடகை வண்டி வருகிறது.

இந்த ஏழும் என் வீட்டுக்காரர் சென்னியப்பன் ஆசைப்பட்டுச் சேர்த்தவை. சிவப்பில் இரண்டு, நீலத்தில் ஒன்று, ரஷ்யாவிலிருந்து கப்பலேறி வந்த ஒன்று, தென்னந்தோப்புக்குள் புகுந்து புறப்படுகிற குட்டி வண்டி ஒன்று. இன்னொன்றுக்குச் சக்கரமே இல்லை, கல்லின்மேல் உட்கார்ந்திருக்கிறது. எல்லாவற்றுக்கும் மூத்தது ஜெர்மன்காரன் செய்த ஒற்றை சிலிண்டர் வண்டி. அதன் பெயர் பெருசு. பேட்டரி கிடையாது, சாவி கிடையாது. ஊதுவிளக்கால் தலையைச் சூடுகாட்டிக் கும்பிட்டுத்தான் கிளப்ப வேண்டும்.

கல்யாணமான புதிதில் ஊட்டிக்குப் போவதாகச் சொல்லி அழைத்துப்போனார். மேட்டுப்பாளையத்தில் ஒரு பழைய இரும்புக் கடையைத் தாண்டி நாங்கள் போகவே இல்லை. என் நல்ல சேலைகளில் இரண்டு டீசல் பம்ப் துடைக்கப் போயிருக்கின்றன. விருந்தாளி வந்தால் முதலில் கொட்டகையைச் சுற்றிக்காட்டிவிட்டுத்தான் காப்பி கொடுப்பார். இந்த இரும்பையெல்லாம் என்றைக்கு ஒழிப்பீர்கள் என்று நான் கேட்காத மாதமில்லை.

இன்று களி கேட்டார், கொடுத்தேன். பாதி மிச்சம் வைத்தார்.

செப்டம்பர் 2

பேசவில்லை. மருந்து மட்டும் வேளை தவறாமல்.

செப்டம்பர் 6

காலையில் சட்டினிக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். கூடத்தில் அவர் போனில் பேசுவது கேட்டது. எதிர்முனையில் தனசீலன். பொள்ளாச்சி ரோட்டில் ரிசார்ட் கட்டியிருப்பவர். வாசலில் அலங்காரமாக நிறுத்தப் பெருசைக் கொடுங்கள் என்று இரண்டு வருஷமாக நடையாய் நடந்தவர். இவர் ஒவ்வொரு தடவையும் வெடுக்கென்று பேசி விரட்டிவிடுவார். இன்று இவரே கூப்பிட்டு, எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறார்.

துருவலைப் போட்டுவிட்டு வந்து நின்றேன். போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“நான் போயிட்டா இந்த இரும்ப வெச்சுக்கிட்டு நீ என்ன பண்ணுவே மயிலா? இருக்கறப்பவே ஒழுங்கு பண்ணிப்போடறது நல்லது.”

சரிங்க என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தேன். கல்யாணம் ஆனதிலிருந்து நான் கேட்டுக்கொண்டிருந்தது நடக்கப்போகிறது. அதற்குச் சந்தோஷப்பட வேண்டியவள் சட்டினியில் உப்பை இரண்டு தரம் போட்டிருக்கிறேன். டாக்டர் கவனிக்கவும், அந்தச் சட்டினியை அவருக்குக் கொடுக்கவில்லை.

செப்டம்பர் 9

புனேயிலிருந்து மகன் நவநீதன் பேசினான். அப்பா எடுத்தது நல்ல முடிவு, இனி அம்மாவுக்கு நிம்மதி என்றான். ஆமாம் கண்ணு என்றேன்.

மத்தியானம் இவர் என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போனார். மோட்டார் எப்போது நின்றுபோகும், நின்றால் எந்த சுவிட்சைத் தட்ட வேண்டும், எந்த வால்வைத் திருப்பினால் எந்த வயலுக்குத் தண்ணீர் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தார். இவர் டிராக்டர் பார்க்க ஊர் ஊராகப் போன நாளெல்லாம் இந்தத் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சியது யார் என்று நினைத்தாரோ தெரியவில்லை. வேறொரு நாளாக இருந்தால் சுருக்கென்று ஏதாவது சொல்லியிருப்பேன். இன்று புதிதாகக் கேட்பதுபோல் தலையாட்டினேன்.

செப்டம்பர் 13

தனசீலன் வந்தார், கூடவே ஒரு வாஸ்துக்காரரையும் அழைத்துவந்தார். பெருசை எந்த மூலையில் நிறுத்துவது, எந்தப் பக்கம் முகம் பார்க்க வேண்டும் என்று கொட்டகைக்குள் திசைகாட்டியை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டார்கள். தனசீலன் கெட்டவரில்லை. எதற்கும் நாள், நட்சத்திரம், சகுனம் பார்ப்பவர், அவ்வளவுதான். விஜயதசமியன்று எடுத்துக்கொள்கிறாராம். செத்த வண்டியைக் கயிறு கட்டி இழுத்துப்போவது ஆகாதாம். பெருசு உயிரோடு ஓடி எலுமிச்சம்பழத்தை மிதித்துத் தானே லாரியேற வேண்டும், அது நல்லபடியாக வந்தால் மற்ற ஆறும் பின்னாலேயே வரும் என்றார். இவர் ஒத்துக்கொண்டார்.

போகிறபோது, பெருசுக்குத் தங்கக் கலர் அடிக்கப்போவதாகச் சொன்னார் தனசீலன்.

நான் இவர் முகத்தைப் பார்த்தேன். பெருசு வந்த வருஷம், அதற்குப் பிறந்தபோது என்ன நிறம் என்று கண்டுபிடிக்க மாதக்கணக்கில் உப்புத்தாளும் நகமுமாகச் சுரண்டிய மனிதர். கடைசியில் ஒரு நட்டுக்கு அடியில் மிளகளவு நீலம் கிடைத்தபோது அடுப்படிக்கு ஓடிவந்து என் கையைப் பிடித்து இழுத்துப்போய்க் காட்டினார். அந்த மனிதர் இன்று, நல்லா இருக்குமுங்க என்று சொன்னார்.

எனக்கு அப்போதுதான் பயம் வந்தது. ஆபரேஷன் தியேட்டர் வாசலில்கூட இப்படி வரவில்லை.

செப்டம்பர் 14

மூலனூரிலிருந்து அய்யாவு அண்ணன் வந்தார். இவருக்கு இந்தக் கிறுக்கில் ஒரே கூட்டாளி. அவரிடம் ஐந்து டிராக்டர்கள் இருக்கின்றன. இருவரும் உட்கார்ந்தால் வண்டிகளின் பிறந்த வருஷம், வம்சம், எந்த வண்டிக்கு எந்த ஊரில் உதிரி இருக்கிறது என்று ஜாதகம் பார்ப்பதுபோல் பேசுவார்கள். தங்கக் கலர் என்றதும் டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். விஜயதசமியன்று பெருசைக் கிளப்பித்தர வர முடியாது, வேறு ஆளைப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவரை விட்டால் பெருசைக் கிளப்பத் தெரிந்த ஆள் இந்தப் பக்கத்தில் இவர் மட்டும்தான். இவருக்கோ தையல் இன்னும் ஆறவில்லை. இவர் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். நான் கிளப்புகிறேன், நீங்கள் உட்கார்ந்து சொல்லுங்கள் என்றேன். மழை வந்தால் மற்ற வண்டிகளை உள்ளே ஓட்டி நிறுத்துவது எப்போதும் நான்தான். இது மட்டும் என்ன பெரிய கம்ப சூத்திரம்?

செப்டம்பர் 18

கம்ப சூத்திரம்தான்.

முதலில் ஊதுவிளக்கில் மண்ணெண்ணெய் ஊற்றிப் பம்படித்துப் பற்றவைத்து, வண்டியின் மூக்குக்குக் கீழே நிறுத்த வேண்டும். தலைப்பகுதி நன்றாகக் காய்கிறவரை காத்திருக்க வேண்டும். பிறகு ஸ்டியரிங்கையே தண்டோடு உருவியெடுத்து, பக்கவாட்டில் எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் பெரிய இரும்புச் சக்கரத்தின் நடுவில் செருகிக்கொண்டு, முன்னும் பின்னுமாக ஆட்ட வேண்டும். பலம் வேண்டாம், தாளம் போதும் என்கிறார் இவர். தொட்டிலாட்டுகிற மாதிரி. முட்டுகிற இடம்வரை கொண்டுபோய் விட வேண்டும், அதுவாகத் திரும்பி வரும்போது மறுபடி தள்ள வேண்டும். ஒரு நேரத்தில் உள்ளே தீப்பிடித்துச் சக்கரம் நம் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு ஓடும். அந்த நொடியில் ஸ்டியரிங்கை உருவிவிட வேண்டும். இல்லாவிட்டால் மணிக்கட்டு போய்விடும்.

இன்று பிடிக்கவில்லை. என் தோள் கழன்றுவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்து, தலையணையை மடியில் வைத்துக்கொண்டு, இப்படி, அப்படி என்று கையாலேயே ஆட்டிக் காட்டினார். இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார்.

செப்டம்பர் 21

பெருசு கிளம்பிவிட்டது. டும் டும் என்று தரை அதிர்ந்து சமையலறையில் டம்ளர்கள் ஆடின. நான் பெருமையாக ஏறி உட்கார்ந்து முதல் கியரைப் போட்டேன். வண்டி பின்னால் போய்க் கொட்டகையின் ஓலைத் தட்டியில் முட்டியது.

கியரைத் தப்பாகப் போட்டுவிட்டேன் என்று நினைத்தேன். இல்லையாம். இந்த எஞ்சின் எந்தப் பக்கம் சுற்றினாலும் ஓடுமாம். கடைசியாக எந்தப் பக்கம் வாகாகத் தள்ளுகிறோமோ அந்தப் பக்கமே பிடித்துக்கொள்ளும். மாறிச் சுற்ற ஆரம்பித்துவிட்டால் முன் கியரில் பின்னால் போகும், பின் கியரில் முன்னால் போகும். பக்கத்துச் சக்கரம் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பார்த்துவிட்டுத்தான் ஏற வேண்டும். முதன்முதலில் அய்யாவு அண்ணன் கிளப்பியபோது வேலியை உடைத்துக்கொண்டு ரோட்டுக்கே பின்னாலேயே போனாராம். அந்தக் கதையை ஒரு மணி நேரம் சொன்னார். சாப்பாட்டுக்கு மூன்று தடவை கூப்பிட்டேன்.

நடை, கொட்டகையைச் சுற்றி மூன்று சுற்று.

செப்டம்பர் 23

நேற்றும் இன்றும் நன்றாக இருந்தார் என்று தைரியம் கொண்டு, வேண்டாமென்று தனசீலனிடம் சொல்லிவிடலாம் என்றேன். வாக்குக் கொடுத்தாயிற்று என்றார். வாக்கை நீங்கள்தானே கொடுத்தீர்கள், நீங்களே திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். இத்தனை வருஷமாக ஒழி ஒழி என்றவளா இப்படிச் சொல்கிறாள் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. போகிற போக்கில் பாத்திரத்தை நங்கென்று வைத்தேன்.

செப்டம்பர் 27

பெருசு முதல் ஆட்டத்திலேயே பிடித்தது. நேர்ச்சுற்று. இப்போதெல்லாம் ஒருமுறைகூடத் தவறுவதில்லை. கை பழகிவிட்டது என்று இவரே சொன்னார்.

எள் காயவைத்தேன். வானம் மூடாப்பாக இருக்கிறது.

அக்டோபர் 1

ஆயுத பூஜை. எங்கள் வீட்டில் இது தீபாவளியைவிடப் பெரிது. விடிந்ததிலிருந்து ஏழு வண்டிகளையும் குளிப்பாட்டி, டயருக்குக் கறுப்புப் போட்டு, பித்தளைக்குப் புளி தேய்த்து, அவர் குளிக்கச் சாயங்காலம் ஆகிவிடும். இந்த வருஷம், எதுக்கு, நாளைக்குப் போகப்போறதுதானே என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார்.

நானே கழுவினேன். ஏழையும் கழுவினேன். சந்தனம் குங்குமம் வைத்தேன். கல்லின்மேல் இருப்பதற்கும் வைத்தேன். பெருசின் நெற்றியில் வைக்கும்போது எட்டவில்லை, முக்காலி போட்டு ஏறினேன். இரும்பென்று பெயர்தானே தவிர இந்த ஏழும் இல்லாமல் இந்த மனிதரை நான் பார்த்ததே இல்லை. இவை லாரியேறிப் போன பிறகு இந்தக் கொட்டகைக்கு எதிரே வாசலில் உட்கார்ந்து எதைப் பார்த்துக்கொண்டிருப்பார்? ஒன்றும் இருக்காது. உட்கார்ந்து உட்கார்ந்து போய்விடுவார். எனக்கு அது நன்றாகத் தெரிகிறது.

பொட்டு வைத்த கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டதில் முகமெல்லாம் குங்குமம். இவர் பார்த்துவிட்டு, என்ன இது கோலம் என்றார். வேர்வை என்றேன்.

அக்டோபர் 2

காலையில் கொட்டகைக்குப் பின்னால் கட்டியிருந்த கன்றுக்குட்டியை அவிழ்த்து வேப்பமரத்தடியில் கட்டினேன். வெயில் கடுமையாக இருந்தது. அங்கே இருந்த துணிக்கொடியையும் அவிழ்த்துவிட்டேன். நல்ல நாள், இடம் சுத்தமாக இருக்கட்டுமே என்றுதான்.

பத்து மணி வாக்கில் தனசீலன் லாரியோடு வந்தார். பெருசுக்கு ஆளுயர ரோஜா மாலை போட்டார். முன்சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னால் அவர் கையாலேயே எலுமிச்சம்பழம் வைத்தார். பெரிய நாட்டுப் பழங்கள். இவர் நாற்காலியில், மடியில் தலையணையோடு. தனசீலன் கற்பூரம் காட்டும்போதுகூடக் கண்ணைத் திறக்கவில்லை.

நான் ஊதுவிளக்கைப் பற்றவைத்தேன். தலை காய்ந்தது. ஸ்டியரிங்கைச் செருகி ஆட்டினேன். பிடித்துக்கொண்டது. ஸ்டியரிங்கை உருவி அதன் இடத்தில் மாட்டினேன். அப்போது இவர் கண்ணைத் திறந்தார். பக்கத்துச் சக்கரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வாயைத் திறந்தவர் மூடிக்கொண்டார்.

ஏறி உட்கார்ந்து முதல் கியரைப் போட்டேன்.

பெருசு மாலையும் கழுத்துமாக, மெதுவாக, ஒரு குலுக்கல்கூட இல்லாமல் பின்னால் போனது. கொட்டகையின் பின்பக்கத் தட்டியைச் சாய்த்துக்கொண்டு, தென்னமட்டைப் போரைச் சரித்துக்கொண்டு, கன்றுக்குட்டி கட்டியிருந்த முளையைப் பிடுங்கிக்கொண்டு, முருங்கை மரத்துக்குச் சற்று முன்னால் நின்றது. நான் நிறுத்தினேன். எலுமிச்சம்பழங்கள் இரண்டும் வைத்தபடியே இருந்தன.

 லாரிக்காரர்தான் முதலில் வாயைத் திறந்து, வேண்டாங்கண்ணா என்றார். தனசீலன் முகம் வெளுத்துவிட்டது. பாவமாகத்தான் இருந்தது.

“இத்தன பேரு முன்னால பழத்த மிதிக்க மாட்டேன்னு அது பின்னால போகுதுங்கம்மா. இதுக்கு மேல நான் கூப்புடக் கூடாது. இங்கயே இருக்கட்டுமுங்க.”

நீங்கள் சொன்னால் சரிங்க என்று பணிவாகச் சொன்னேன். மற்ற ஆறையும் கேட்கவில்லை அவர். சுண்டல் கொடுத்தேன், வாங்கிக்கொண்டு லாரியில் ஏறினார்.

லாரி திரும்புவதற்குள் பின்னால் ஏதோ சத்தம். தையல் விட்டுவிட்டதோ என்று ஓடினேன். இவர் தலையணையை நெஞ்சோடு இறுக்கிக் கட்டிக்கொண்டு சிரிக்கிறார். கண்ணில் தண்ணீர் வழிகிறது. சிரிக்க வைக்காதே மயிலா, வலிக்குது என்கிறார், மறுபடி சிரிக்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போனதிலிருந்து இந்தச் சத்தத்தை நான் கேட்கவில்லை.

எனக்கு வண்டி சரியாக ஓட்டத் தெரியாததால் எவ்வளவு சங்கடமாகிவிட்டது. இந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டுத்தான் டாக்டரிடம் கொண்டுபோக வேண்டும்.

அக்டோபர் 3

தட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டிருந்தேன். இவர் நாற்காலியை இழுக்காமல் நடந்தே வந்து பக்கத்தில் நின்றார்.

“சக்கரம் மாறிச் சுத்துனது எனக்குத் தெரிஞ்சுது.”

“அப்பச் சொல்லியிருக்கலாமுல்லங்க.”

“நீ வேணும்னேதான் மாத்தி விட்டீன்னும் தெரிஞ்சுது. வாக்குக் குடுத்துட்டு நிக்கற மனுசன இப்படிப் பண்ணலாமா?”

கை வழுக்கிவிட்டது என்று சொல்லத்தான் இருந்தேன். காலையிலிருந்து அதைத்தான் தயார் செய்து வைத்திருந்தேன். வாயில் வந்தது வேறு.

“நீங்க ஒவ்வொண்ணா ஒழுங்கு பண்ணிட்டு வர்றதப் பாத்துக்கிட்டு என்னால அடுப்படியில நிக்க முடியலீங்க. இரும்பு போறதுக்கு எனக்கு வெசனமில்ல. அது பின்னாலயே நீங்களும் கெளம்பிப் போற மாதிரியே இருந்துச்சு.”

தட்டியின் மறுமுனையை அவர் பிடித்துக்கொண்டார். பிடிக்கக் கூடாது, கனம். விடுங்கள் என்றேன், விடவில்லை. கட்டி முடிக்கிறவரை பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு, பெருசுக்கு எண்ணெய்க் குழாயை மூடினாயா என்று கேட்டார். மூடவில்லை. மறந்துவிட்டேன். இதெல்லாம் ஒரு வேலையா என்று முணுமுணுத்துக்கொண்டே அவரே போய் மூடினார்.

அக்டோபர் 16

பரிசோதனை. தையல் நன்றாகக் கூடியிருக்கிறது. இதயம் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். கவனமாக இருந்தால் காலத்தை ஓட்டலாம் என்றார் டாக்டர். எத்தனை காலம் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. டயரியை வாங்கிப் பார்த்தார். நடுவில் தாள்கள் குறைகிறதே என்றார். மாடு தின்றுவிட்டது என்றேன். கிழித்தவற்றை வீட்டுக்கு வந்து ஒட்டி வைத்திருக்கிறேன்.

நவம்பர் 9

நேற்று அய்யாவு அண்ணன் வந்தார். வந்தவர் டீயை முழுசாகக் குடித்தார். ஒட்டன்சத்திரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டத்துக் கிணற்றடியில் பழைய டிராக்டர் ஒன்று கிடப்பதாகத் தகவல் சொன்னார். பிள்ளைகள் பிரித்து எடைக்குப் போடப்போகிறார்களாம். சொல்லிவிட்டு என்னைப் பார்க்கவில்லை, கூரையைப் பார்த்தார். இவரும் கூரையைப் பார்த்தார்.

இன்று மூவரும் காரில் போனோம். என்னை விட்டுவிட்டு இவரை எங்கும் அனுப்புவதாக இல்லை.

பெண் பார்க்கப் போய்ப் பெண்ணே இல்லாத கதைதான். டயர் கிடையாது, இருக்கை கிடையாது. சேஸிஸ் சட்டத்துக்கு நடுவில் வேப்பமரம் ஒன்று முளைத்து ஆள் உயரத்துக்குமேல் போய்விட்டது. எஞ்சினுக்குள் மழைத்தண்ணீர் நின்று இறுகிப்போயிருக்கிறது. டூல் பாக்ஸில் கோழி முட்டையிட்டிருக்கிறது. அய்யாவு அண்ணனே உதட்டைப் பிதுக்கினார்.

இவர் ஒன்றும் பேசாமல் அதைச் சுற்றி வந்தார். மறுபடி சுற்றினார். பிறகு குனிந்து ஒரு நட்டுக்கு அடியில் நகத்தால் சுரண்ட ஆரம்பித்தார். மெதுவாக, பொறுமையாக, ஏதோ கிடைத்துவிடும் என்பதுபோல். நான் வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

திரும்பும்போது மூலனூரில் அய்யாவு அண்ணனை இறக்கிவிட்டோம். அதற்குப் பிறகும் வெகு நேரம் இவர் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். பானையை உடைத்துவிட்டு வந்து நிற்கும் பிள்ளைபோலக் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

“அது எந்திரிச்சு ஓடறதுக்கு எப்படியும் அஞ்சாறு வருசம் ஆகும் மயிலா.”

கொட்டகையில் இடம் எங்கே இருக்கிறது என்று கேட்கத்தான் வாயைத் திறந்தேன்.

“ஆகட்டுமுங்க” என்றேன்.